நீங்கள் வருமுன் நாங்கள் பார்த்து வந்த மலை

பிளோவ்திவ்,
ஏப்ரல், வியாழக்கிழமை

அன்பு மகள் ராலிட்சாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் பிளாமெனும் குழந்தைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டே தெரிந்துகொண்டேன், எப்போதும் அப்படியே இருங்கள். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், உன் அம்மாவும் நன்றாக இருக்கிறாள். இரண்டாவது செய்தியை நீ நம்ப மாட்டாய் என்பதால்தான் போனை விட்டுவிட்டுக் காகிதம் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே இருந்துகொண்டு அது அப்படி இல்லை, இது இப்படி இல்லை என்று திருத்திக்கொண்டே இருப்பாள். அதோடு ஒரு விஷயத்தை உன்னிடம் பேசவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறாள். பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. கீழ்வீட்டு ட்சோன்காவின் மகன் விடுமுறை முடிந்து உங்கள் வின்னிபெக்குக்குத்தான் திரும்பிப் போகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடு, இளைத்துப் போயிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா கண்ணு. மே மாதம் ஈஸ்டருக்கு வரும்போது மலைக்குப் போவது வேண்டாம், அம்மாவுக்கு எதற்குச் சிரமம், மலை எங்கே ஓடிப்போகிறது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், இந்தத் தடவை எல்லாரும் வீட்டிலேயே அம்மா கூட உட்கார்ந்திருக்கலாம் என்று சொன்னாய். பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியாதா. உன் அம்மாவும் சரிம்மா, உங்க இஷ்டம் என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் மனசு என்ன பாடுபட்டது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும், பொறுமையாகப் படி.

டிசம்பரில் அவள் பஸ் நிறுத்தத்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் ஆபரேஷன் ஆனதும் உனக்குத் தெரியும். குளிர்காலம் முடியும்போதே எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனிமேல் நடக்கலாம், படி இறங்கலாம், நடந்தால்தான் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று உன்னிடம் சொன்னோம், அதுவும் உண்மைதான். உன்னிடம் சொல்லாதது என்னவென்றால் உன் அம்மா நடக்கவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் ஜன்னலோர நாற்காலிக்கும் போய்வருவாள், வாசற்கதவைத் தாண்ட மாட்டாள். கதவருகே போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி என்பது அவளுக்கு நல்ல சாக்காகப் போய்விட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கால் எப்படி இருக்கிறது, இடுப்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள், அவளும் இருக்கு என்பாள். பாலர் பள்ளியில் அத்தனை வருடம் வேலை பார்த்தவள், ஒவ்வொரு வசந்தத்திலும் சின்னப் பிள்ளைகளை வரிசையாகக் கையைக் கோத்துக்கொண்டு மலைக்கு அழைத்துப் போனவள், ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கீழே நிற்கும் கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன். நான் பஸ் பட்டறையில் எஞ்சின்களோடு வாழ்ந்தவன், ஓடாத வண்டியைத் தட்டிப் பார்க்கத்தான் தெரியும், மனிதரை எங்கே தட்டுவது.

அப்போதுதான் மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் நீ போன் செய்தாய். நீ காலைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மா, ரெண்டு சின்னதுகளைக் கூட்டிக்கிட்டு எந்த மலைக்குப் போறது, எங்க தங்கறது, எனக்கு ஒண்ணும் தெரியலை, நீ பாத்துச் சொல்லேன் என்று கேட்டாய். நீ சாதாரணமாகத்தான் கேட்டிருப்பாய், ஆனால் ராலி, அந்தக் கேள்விக்கு நான் உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது, அதற்காகவே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன் என்றுகூட வைத்துக்கொள். போனை வைத்ததும் உன் அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடினாள். இவாவுக்கு வளைவுச் சாலையில் கார் போனால் வாந்தி வருகிறதாமே, அப்படியானால் கார் கூடாது, குட்டி ரயில்தான் சரி என்றாள். வெயில் வேண்டும், ஆனால் பாறை கூடாது, ஆட்டுக்குட்டி வேண்டும், ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் கூடாது, போயான் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாயில் போடுகிற வயது, தரை எப்படி இருக்குமோ என்றாள். என் கைபேசியை வாங்கிக்கொண்டு மலையில் இருக்கிற விடுதிகளுக்கெல்லாம் பேச ஆரம்பித்தாள். ஒவ்வொருவரிடமும் படிக்கட்டுக்குக் கைப்பிடி உண்டா, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் தலை நுழையுமா, ஓடை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அடுப்பைச் சுற்றித் தடுப்பு இருக்கிறதா என்று குறுக்கு விசாரணை. பாவம் அவர்கள், அறை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறவர்களைத்தான் பார்த்திருப்பார்கள்.

கடைசியில் வெலிங்க்ராட் தாண்டி மேலே ஒரு விடுதிக்காரி பொறுமை இழந்துவிட்டாள். நேர்ல வந்து பாருங்கம்மா, பிடிச்சா எடுங்க, பிடிக்கலைன்னா விடுங்க, படிக்கட்டை நான் போன்ல எப்படி அளந்து காட்டுறது என்று சொல்லிவிட்டாள். நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். உன் அம்மா போனை மேஜையில் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவமானப்பட்டுவிட்டாளோ என்று எனக்குப் பயம். பிறகு என்னைப் பார்த்து, “அவ சொல்றதும் சரிதானே. காலையில ரயில் எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள். நான் எதையாவது சொல்லி அதைக் கெடுத்துவிடப் போகிறேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, பார்த்துச் சொல்றேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் படி இறங்கினாளே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். நேராக இறங்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் ஒரு படி கீழே பின்பக்கமாக இறங்கிக்கொண்டு வந்தேன், அவள் விழுந்தால் நானும் விழுவேன், வேறு என்ன செய்ய முடியும். ட்சோன்கா சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள், வாயையும் திறக்கப் போனாள், நான் தலையை ஆட்டினேன், நல்ல பெண்மணி, அப்படியே கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவில் கால் வைத்ததும் உன் அம்மா என் கையை இறுக்கிய இறுக்கில் விரல் மரத்துப் போயிற்று. அன்றைக்குப் பனிக்கட்டி ஏதும் இல்லை, உலர்ந்த தெருதான், ஆனாலும் அவள் கண்ணுக்கு ஒவ்வொரு நிழலும் பனிக்கட்டியாகத் தெரிந்திருக்கும்.

செப்தெம்வ்ரி நிலையம் வரை பெரிய ரயில், அங்கே மாறிக் குட்டி ரயில், உனக்குத் தெரிந்த வழிதான். ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் செடிகள், கீழே பனி உருகிய தண்ணீர் காப்பி நிறத்தில் இரைந்துகொண்டு ஓடுகிறது, மலை முகட்டில் இன்னும் வெள்ளை. உன் அம்மா கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்தாள், இருக்கைகளைத் தடவிப் பார்த்தாள், இவாவை ஜன்னலோரமும் போயானை நடுவிலும் உட்கார வைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். எங்களுக்கு எதிரே ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள், பெயர் செவ்தா, மேலே எலோவோ கிராமத்துக்காரி. மார்பில் துணியில் கட்டிய கைக்குழந்தை, பக்கத்தில் எமில் என்ற நாலு வயதுப் பையன், காலடியில் பெரிய பை. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்புகிறாளாம், கணவன் ஜெர்மனியில் கட்டட வேலை. எமில் உன் அம்மாவை முறைத்துப் பார்த்துவிட்டு, உனக்கு ஏன் மூணு கால் என்று கைத்தடியைக் காட்டிக் கேட்டான். செவ்தா வெட்கப்பட்டு அவன் தொடையில் கிள்ளினாள். உன் அம்மாவோ பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள், ஒரு கால் கொஞ்சம் சோம்பேறிடா, அதுக்கு வேலை செய்ய ஆள் வெச்சிருக்கேன் என்றாள்.

வெலிங்க்ராட் தாண்டி ஏற்றத்தில் வளைந்து வளைந்து போகும்போது ரயில் ஒரு குலுக்கலோடு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து டிக்கெட் பரிசோதகர் பெண் பெட்டி பெட்டியாக வந்து சொன்னாள், முன்னே பனி உருகி மண் இளகிச் சில பாறைகள் தண்டவாளத்தில் உருண்டு கிடக்கின்றன, அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து அகற்றச் சாயங்காலம் ஆகலாம், ஆபத்து ஒன்றும் இல்லை, நடக்க முடிந்தவர்கள் என்னோடு தண்டவாளத்தின் ஓரமாக நடந்தால் அடுத்த நிலையம் பக்கம்தான், நடுவில் ஒரு சின்னச் சுரங்கப்பாதை, முடியாதவர்கள் பெட்டியிலேயே கணப்போடு உட்காரலாம் என்றாள். உன் அம்மா உடனே நாங்க உக்காந்துக்கிறோம் என்றாள். சொல்லும்போதே முகம் வெளுத்துவிட்டது. நானும் சரி என்றேன். ஜல்லிக் கல்லில் நல்ல கால்காரனே தடுமாறுவான், அவளைப் போய் எப்படிக் கூப்பிடுவேன்.

செவ்தாவால் உட்கார முடியாது, கைக்குழந்தைக்கு ஊசி போட்ட காய்ச்சல் ஏற ஆரம்பித்திருந்தது, வீட்டுக்குப் போனால்தான் மருந்து, நிலையத்துக்கு அவள் மாமனார் டிராக்டரில் வந்து காத்திருப்பார். பையை நான் தூக்கி வருகிறேன் என்று எழுந்தேன். ஆனால் எமில் வாசலில் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். பெட்டிப் படியிலிருந்து தரை அவன் உயரத்துக்குக் கீழே இருந்தது, வளைவில் சுரங்கத்தின் வாய் வேறு கறுப்பாகத் தெரிந்தது. இறங்க மாட்டேன் என்று அழவில்லை, கத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தான், அவ்வளவுதான். செவ்தா மார்பில் குழந்தையோடு அவனைத் தூக்கவும் முடியாமல் திட்டவும் மனமில்லாமல் நின்றாள். பரிசோதகர் தூக்கப் போனாள், உதைத்தான். மற்றவர்கள் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். உன் அம்மா இருக்கையிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள், அவன் பக்கத்தில் மெதுவாகப் படியின் மேலேயே உட்கார்ந்தாள். அவள் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

“எனக்கும் பயமா இருக்குடா எமில். நான் தனியா இறங்கினா விழுந்துடுவேன். நீ என் கையைப் பிடிச்சுக்கிறியா? நான் உன் கையைப் பிடிச்சுக்கிறேன். யாரு விழுந்தாலும் மத்தவங்க தூக்கணும்.”

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். “நீ பெருசா இருக்கே. உன்னை நான் எப்படித் தூக்குறது?”

“அதனாலதான் நான் விழக் கூடாது” என்றாள் உன் அம்மா.

அவன் யோசித்தான், அந்தக் கணக்கு அவனுக்குச் சரியாகப் பட்டிருக்க வேண்டும், கம்பியை விட்டான். நான் கீழே குதித்து முதலில் அவனை இறக்கினேன், பிறகு பரிசோதகரும் நானுமாக உன் அம்மாவை இறக்கினோம். நிலத்தில் நின்றதும் அவள் என் கையைப் பிடிக்கவில்லை, அவன் கையைத்தான் தேடினாள். அப்புறம் அவர்கள் இருவரும் முன்னால், செவ்தா நடுவில், நான் பையோடு கடைசியில். ஸ்லீப்பர் கட்டைக்குக் கட்டை கால் வைக்க வேண்டும் என்று உன் அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுக்க, அவன் அவளுக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுத்தான், இங்க வை, இங்க வைக்காதே, அது ஆடுது. நான் பின்னால் அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன், கைத்தடி என் அக்குளில் இருந்தது. அவள் கேட்கவே இல்லை.

சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் எமில் நின்றுவிட்டான். உள்ளே தண்ணீர் சொட்டுகிற சத்தம், அந்தக் கடைசியில் வெளிச்சம் ஒரு முட்டை அளவுக்குத் தெரிகிறது. உன் அம்மா குனிந்து, இந்தக் குகைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, நாம என்ன சொன்னாலும் நம்மை மாதிரியே கேலி பண்ணும், வேணும்னா மாடு மாதிரிக் கத்திப் பாரு என்றாள். அவன் மெல்ல அம்மா என்று மாடு மாதிரிக் கத்தினான். குகை திரும்பக் கத்தியது. அவன் சிரித்துவிட்டான், இன்னும் பெரிதாகக் கத்தினான். முன்னால் இருட்டில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு பெரிய மனிதர் எருமை மாதிரிப் பதில் கொடுத்தார். பிறகு ஆடு, கழுதை, சேவல் எல்லாம் வந்துவிட்டன. பரிசோதகர்கூட ஒரு பூனைக் குரல் கொடுத்தாள். அந்த இருட்டில் இத்தனை பேர் மந்தை மாதிரிக் கத்திக்கொண்டு போனோம் ராலி, உன் அம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. எதற்கென்று தெரியாமல் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

நிலையத்தில் செவ்தாவின் மாமனார் யூசெய்ன் டிராக்டரோடு நின்றார், மரம் வெட்டுகிறவர், பேச்சு குறைவு. மருமகள் ஓரிரு வார்த்தை சொன்னதும் எங்களைப் பார்த்தார், டிரெய்லரில் வைக்கோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார், அதுதான் அழைப்பு. நாங்கள் விடுதிக்குப் போக வேண்டும், அங்கே ஒரு அம்மா காத்திருப்பாள் என்று நான் இழுத்தேன். விடுதி மேலே இருக்கு, ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, ராத்திரி என்ன பண்ணுவீங்க, ஏறுங்க என்று செவ்தா சொன்னாள். ஏறிவிட்டோம். அந்த வீட்டில் எங்களுக்கு அவரைக் கூட்டு, சோளமாவுக் களி, ஆட்டுப்பால் தயிர், அடுப்புக்குப் பக்கத்தில் இடம் எல்லாம் கிடைத்தன. மருந்து கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிக் கைக்குழந்தை தூங்கிவிட்டது. உன் அம்மா சாப்பிட்டதும் வழக்கப்படி வீட்டைச் சோதனை போட ஆரம்பித்துவிட்டாள், எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மாடிப்படியின் மேலே யூசெய்ன் பேரனுக்காகச் செய்து மாட்டிய சின்னக் கதவு இருந்தது, அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருந்தது, நாய் கட்டப்பட்டிருந்தது, வாசலில் ஊற்றுத் தண்ணீர் விழுகிற மரத்தொட்டி குழந்தையின் முழங்கால் ஆழம்கூட இல்லை, எதிரே புல்வெளி சரிவில்லாமல் அகலமாகக் கிடக்கிறது, புது ஆட்டுக்குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. மகன் திரும்பி வந்ததும் குடியிருக்க என்று கட்டிய மாடியில் இரண்டு அறை காலியாக இருக்கிறது, கம்பளி விரிப்பும் இருக்கிறது. உன் அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம், “ஓக்னியான், நாம தேடின விடுதி இதுதான்” என்றாள்.

காலையில் அவளுக்குக் காலெல்லாம் வலி, எழுந்து உட்கார நேரம் பிடித்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு அழுதாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு சொன்னாள், “பிள்ளைங்க வந்தா கீழே முற்றத்துல விளையாடும், நான் மேலே ஜன்னல்ல இருந்து கை காட்டுவேன், அவ்வளவுதான்னு மனசுல முடிவு பண்ணி வெச்சிருந்தேன். இவா இனிமே என்னை அந்த ஜன்னல்ல இருக்கிற ஆளாத்தான் ஞாபகம் வெச்சுப்பாள்னு நெனச்சேன்.” போய் டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

கிளம்பும்போது மே மாதம் எங்கள் பிள்ளைகள் வந்தால் அறையைத் தர முடியுமா என்று உன் அம்மா கேட்டாள். செவ்தா தயங்கினாள், எங்க வீடு ஓட்டல் இல்லீங்க டீச்சர், கழிப்பறை கீழேதான், காலையில சேவல் கூவும், உங்க பிள்ளைங்க வெளிநாட்டுல வளர்ந்ததுங்க என்றாள். யூசெய்ன் அப்போதுதான் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். “என் பேரனை இருட்டுல நடத்திக் கூட்டிட்டு வந்தவங்க பிள்ளைங்களுக்கு இங்க இல்லாத எடம் வேற யாருக்கு?” எமில், எனக்கு விளையாட ஆள் வருதா என்று கேட்டான், வருது என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டாள் ராலி, ஒரு குழந்தையிடம் சொன்னதை அவள் எப்போதாவது மாற்றியிருக்கிறாளா, நீயே சொல். திரும்பி வந்ததும் அந்த விடுதிக்காரிக்குப் போன் செய்து, உன் வாய்க்கு நூறு வயசு என்று வாழ்த்தினாள், அவள் இன்னும் குழம்பிக்கொண்டிருப்பாள்.

இதை எல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஏன் சத்தியம் வாங்கினாள் என்றால், தண்டவாளத்தில் நடந்தது தெரிந்தால் நீ அங்கிருந்தே என்னையும் சேர்த்துத் திட்டுவாய் என்ற பயம்தான், அதோடு நீங்கள் வந்திறங்கும்போது ரயில் நிலையத்தில் தன் காலில் நின்று காட்ட வேண்டும் என்ற ஆசையும் உண்டு. அன்றிலிருந்து தினமும் படி இறங்கி ஏறினாள், மூச்சு வாங்க, முணுமுணுத்துக்கொண்டு, இப்போது நேராகவே இறங்குகிறாள், நண்டு போயிற்று. இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை நீ வேண்டாம் என்றாய். நீ தெரியாமல் சொன்னாய், உன் மேல் எங்களுக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. ஆனால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவள் மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். படி இறங்கலாமா என்று கேட்டேன், எதுக்கு, எங்கயும் போகலையே என்றாள்.

நேற்று நான் சந்தைக்குப் போய் வெங்காயத்தாளும் முட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்து நெவேனா என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. சமையலறையில் இல்லை, படுக்கையறையில் இல்லை, ஜன்னலோர நாற்காலி காலி. குளிர்காலம் முழுக்க நான் அந்த வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அவள் உள்ளேதான் இருப்பாள், வீடு காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. முதலில் பயந்தேன், எங்கோ விழுந்துவிட்டாளோ என்று. வீட்டுக்குள் போடுகிற செருப்பு வாசலில் ஜோடியாக இருப்பதையும் தெருவுக்குப் போடுகிற ஷூ இல்லாததையும் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். முட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காலி வீட்டை ஒரு பணக்காரன் மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுளே, என் பெண்டாட்டி வெளியே போயிருக்கிறாள்.

பிறகு கீழே ஓடினேன். மூலையிலிருக்கும் செருப்புக் கடையில் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், சுற்றிலும் குழந்தைகளுக்கான ரப்பர் பூட்ஸ், மஞ்சள், சிவப்பு, தவளைக் கண் வைத்தது எல்லாம் தரையில் வரிசையாக நின்றன. கடைக்காரப் பெண்ணோடு, குதிகால் உரசுமா உரசாதா என்று வாதாடிக்கொண்டிருந்தாள். மே மாதத்தில் அந்தப் புல்வெளி சொதசொதவென்று இருக்கும், சாதாரண ஷூ போட்டால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்றாள். ராலிட்சா மலைக்கு வரலைன்னு சொல்லிட்டாளே என்று நான் மெதுவாகச் சொன்னேன். என்னைப் பார்க்காமலே, “சொன்னா சொல்லட்டும். எந்த அளவுன்னு அவகிட்ட நீ கேளு. நான் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா” என்றாள்.

அதனால் கேட்கிறேன் மகளே. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் போன் செய், அம்மாவுக்காக வருகிறோம் என்று மட்டும் சொல்லாதே, பிளாமெனுக்கு மலை வேண்டுமாம், குழந்தைகள் ஆட்டுக்குட்டி கேட்கிறார்கள் என்று ஏதாவது சொல். வந்ததும் இரண்டு நாள் இங்கே தூங்கிப் பயணக் களைப்பைப் போக்கிக்கொள்ளுங்கள், பிறகு போகலாம். பெட்டி பெட்டியாகத் துணி கொண்டுவராதே, கம்பளிக் காலுறையும் மழைச்சட்டையும் போதும், போயான் தூங்கும்போது கட்டிக்கொள்கிற அந்தக் கந்தல் முயலை மறந்துவிடாதே. பிளாமெனுக்குச் சிகரம் ஏற ஆசை என்றால் யூசெய்னோடு அனுப்பிவிடுவோம், இருவரும் பேசாமலே ஏறிப் பேசாமலே இறங்கி வருவார்கள், நல்ல ஜோடி. எலோவோ வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்க அங்கிருந்து ஏதாவது கொண்டுவந்தால் நல்லது, எமிலுக்கு விலங்குகள் படம் போட்ட புத்தகம் போதும்.

இந்த வயதில் இப்படி ஒரு வசந்தத்தை எங்களுக்குக் கொடுத்ததற்கு உனக்கும், உன் ஒரு கேள்விக்கும், அந்தப் பையனுக்கும், தண்டவாளத்தில் உருண்ட அந்தப் பாறைகளுக்கும்கூட நான் கடன்பட்டவன். நீயும் பிளாமெனும் ஒற்றுமையாக, பிள்ளைகள் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருங்கள், எங்களுக்குத் தெரிந்த எல்லா நன்மையும் தெரியாத நன்மையும் சேர்ந்து உங்களுக்கு வரட்டும். இவாவுக்கு நெற்றியில் ஒரு முத்தம், போயானுக்குத் தொப்பையில் ஒன்று.

ஒன்று மறக்க வேண்டாம். இவாவையும் போயானையும் வெறுங்காலோடு ஒரு காகிதத்தின் மேல் நிற்க வைத்துப் பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போடு, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்பு. ஒரு காலை மட்டும் போட்டு அனுப்பாதே, இரண்டு காலும் வேண்டும், குழந்தைகளுக்கு ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருக்கும் என்கிறாள் உன் அம்மா. கடைக்காரப் பெண் மஞ்சள் ஜோடியையும் தவளை ஜோடியையும் நமக்காக எடுத்து வைத்திருக்கிறாள்.

உன் அன்பு அப்பா,
ஓக்னியான்